மேல்முகத்து ஏழு குறிகள்

என் தங்கையின் கணவரை அம்பு என்று சொன்னால்தான் ஊரில் ஆள் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பஸ் டெப்போவின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை. மலை நடைச் சங்கத்தில் சேர்ந்த புதிதில் பாறை பாறையாக அம்புக்குறி எழுதிக்கொண்டு போனார், பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு சங்கத்தார் அம்புக்குறியை விட்டு மஞ்சள் பட்டைக்கு மாறினார்கள், பெயர் மாறவில்லை. என் தங்கைகூடக் கோபம் வந்தால், "அம்பு வந்துட்டார், இனி சமையல்கட்டு எந்தப் பக்கம்னு அவரே காட்டட்டும்" என்பாள்.

முறைக்கு அவர் எங்களுக்குப் புதியவர் இல்லை. என் அப்பாவின் ஒன்றுவிட்ட அத்தைக்கு இரண்டு மகள்கள். இளையவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவளுடைய நாத்தனார் பெற்ற மூன்றாவது பிள்ளை இவர். மூத்தது இரண்டும் பெண். ஒருத்தி கடல் தாண்டிப் போய்விட்டாள், இன்னொருத்தி பிரசவத்தில் போனாள். அவருடைய அப்பா அதே டெப்போவில் டயர் கழற்றி மாட்டி, இடுப்பு விட்டுப்போய், கடைசியில் படுக்கையில் கிடந்தவர். அந்த வீட்டில் யாருக்கும் வாய் நீளம் கிடையாது. இவருக்கும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் இன்னொரு வேலையை முடித்துவிடலாம்.

டெப்போவில் பெயிண்ட் ஷெட்டில் இருந்தார். தகரக் கூரை. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஸ்ப்ரே துப்பாக்கியைச் சோதித்துச் சோதித்து, சுவரே கை கனத்துக்குத் தடித்துப்போயிருக்கும். பஸ்ஸின் நெற்றியில் தடம் எண் எழுதுவதும், பின்பக்கம் அவசர வழி என்று சிவப்பில் எழுதுவதும் அவர் கை. எழுதினால் அளவெடுத்த மாதிரி இருக்கும். தின்னர் வாசனை அவர் சட்டையிலிருந்து போனதே இல்லை. பிள்ளைகள் சின்ன வயதில் அவர் வருவதை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சங்கத்துக்கு அவரைக் கூட்டிப்போனது என் தம்பி. எங்கள் நாலு பேரில் கடைசி. லிப்ட் மெக்கானிக். வாரம் ஆறு நாள் ஜனங்களைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்வது அவன் பிழைப்பு, ஏழாம் நாள் மலை ஏறப் போவான். கேட்டால், "ஆறு நாள் பாவத்தை ஏழாவது நாள் கழிக்கறேன்" என்பான். அவன் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். அவனும் அம்புவும் மாமன் மச்சான் என்பதைவிடக் கூட்டாளிகள். ஒருத்தர் பேசமாட்டார், ஒருத்தன் நிறுத்தமாட்டான். பொருத்தமாகத்தான் இருந்தது.

சங்கத்தில் முதல் ஞாயிறு நடை, மூன்றாம் ஞாயிறு வேலை. நடைக்கு ஐம்பது பேர் வருவார்கள், வேலைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். மழைத்தண்ணீர் பாதையை அரிக்காமல் குறுக்கே கல் பதித்து வடிகால் ஒதுக்குவது, விழுந்த மரத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுவது, செங்குத்தான இடத்தில் கல்லைப் புரட்டிப் படி வைப்பது, குறி போடுவது. கூலி கிடையாது. டீயும் ரொட்டியும் உண்டு. என் தங்கைக்கு அதில்தான் எரிச்சல். நம் வீட்டுக் கேட் துருப்பிடித்து நிற்கிறது, இவர் மலைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவர் மறுக்கவும் மாட்டார், கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும் மாட்டார்.

குறி போடுவதில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு விளங்காது. ஒரு பாறையில் ஒரு குறி போட்டால் போதாது, இரண்டு வேண்டும். ஏறுகிறவர் கண்ணுக்குப் படுவது பாறையின் கீழ்முகத்தில், இறங்குகிறவர் கண்ணுக்குப் படுவது மேல்முகத்தில். ஏறிப்போகும்போது இறங்கும் குறி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும், திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. அதனால் ஒரு பாதையை மூடிக் குறிகளை அழிக்கவேண்டும் என்றால், அந்தப் பாதையை இரண்டு தடவை நடக்கவேண்டும். ஏறிக்கொண்டே கீழ்முகத்தை அழிக்கவேண்டும், இறங்கிக்கொண்டே மேல்முகத்தை அழிக்கவேண்டும். சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்புதான்.

ஒரு மழைக்காலத்தில் முகட்டுக்குக் கீழே பாதை ஓரத்துச் சரிவு அப்படியே பெயர்ந்து போனது. நூறடி நீளத்துக்குப் பாதை இல்லை. அதற்குக் கீழே கல்லும் சேறும், அதற்கும் கீழே பள்ளம். சங்கத்தார் பெரிய பாறைக்குப் பின்பக்கமாக மரங்களுக்கு நடுவே மாற்றுப் பாதை வெட்டினார்கள். பதினோரு ஞாயிறு வேலை. கடைசி ஞாயிறன்று பழைய பாதையின் குறிகளை அழிக்கும் வேலை அம்புவுக்கும் என் தம்பிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே சாம்பல் நிறம் பூசிக்கொண்டே ஏறினார்கள். கீழ்முகத்துக் குறி ஒன்று பாக்கியில்லை. முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அங்கே வன அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, புதுப் பாதையைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் பல் டாக்டர். அவர் இவர்களையும் படத்தில் நிற்கக் கூப்பிட்டு, வேலைத்தாளையும் நீட்டினார். அலுவலகத்து ஆள் கையோடு வாங்கிப்போகவேண்டுமாம்.

இறங்கும் குறி பாக்கியிருக்கிறது என்று அம்பு சொல்லியிருக்கிறார். இந்த மழையில் அந்தச் சரிவில் திரும்ப இறங்கினால் நம்மைத்தான் தேடவேண்டியிருக்கும், அடுத்த ஞாயிறு முடித்துவிடலாம் என்று என் தம்பி சொன்னான். அதுவும் தப்பில்லை. முகட்டில் இரண்டு பாதையும் பிரிகிற பிரிவில் இருந்த முதல் பாறையை மட்டும் தேய்த்துவிட்டு, பழைய பாதையின் வாய்க்கு நேராகக் கிளைகளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தாளில் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அம்பு. எழுத்து பஸ்ஸில் எழுதியது போல அழகாக இருந்ததாம்.

அடுத்த ஞாயிறும் மழை. அதற்கடுத்து டெப்போவில் நாற்பது பஸ்ஸுக்கு நிறம் மாற்றும் வேலை வந்துவிட்டது. பிறகு மறந்துபோனது. இரண்டு பேருக்கும்தான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து, யாரோ டீ போட எரித்து, மிச்சம் மக்கி, பிரிவு மறுபடி வாயைத் திறந்துகொண்டது.

ஊர் எல்லையில் லாரி எடைமேடை வைத்திருந்த ஒருவருக்கு ஒரே மகள். இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோய் ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் தனியாக மலைக்குப் போனாள். சங்கத்து நடைகளுக்கு இரண்டு மூன்று தடவை வந்த பெண், வழி தெரியாதவள் இல்லை. மத்தியானத்துக்கு மேல் மலை மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டது. அவள் இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் தேடப் போனவர்கள் சங்கத்தார்தான். கண்டெடுத்தது சரிவுக்கு அடியில், பள்ளத்தில். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்து ஒரு முனையை அம்பு பிடித்திருந்தார், இன்னொரு முனையை என் தம்பி. எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே எடைமேடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். ஷூவின் நாடா அவிழ்ந்திருந்ததைக் குனிந்து கட்டினார். கட்டி முடிக்கும்வரை யாரும் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைக்கவில்லை.

வண்டி போனதும் அம்பு வீட்டுக்கு வரவில்லை. புதுப் பாதை வழியாக மறுபடி முகட்டுக்கு ஏறினார். என் தம்பி கூடவே போனான். பிரிவில் நின்று, இறங்குகிறவர் பார்க்கும் பக்கம் பார்த்தார்கள். புதுப் பாதையின் குறிமேல் புதர் வளர்ந்து பாதி மறைந்து கிடந்தது. நேர் எதிரே, இருபதடி தள்ளி, பாறையின் மேல்முகத்தில் மஞ்சள் பட்டை பளிச்சென்று இருந்தது. நல்ல எனாமல். இரண்டு வருஷ வெயில் மழைக்கு மங்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டு போய் எண்ணினார். ஏழு. ஏழாவது குறிக்கு ஆறடி தாண்டினால் தரை இல்லை.

"மாமா, இப்ப யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க" என்று மட்டும் சொன்னானாம் என் தம்பி. அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். இருபது வருஷம் பழகியவன், அதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பல் டாக்டரின் ஆஸ்பத்திரி முன்னறையில் சங்கக் கூட்டம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பெரிய பல் படம், ஈறு சிவப்பாக. அம்பு எழுந்து நடந்ததைச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஊரில் எல்லாரையும் வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லியே பிழைத்த டாக்டர் அன்றைக்குத்தான் எல்லாரையும் மூடச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார்.

"நாளைக்குக் காலையில போய் அந்த ஏழு குறியையும் அழிச்சிடுங்க. மறைக்கறதுக்குச் சொல்லல. நாளைக்கே இன்னொருத்தர் அந்த வழியா வந்தா அதுக்கு யார் பொறுப்பு?"

அதுதான் அம்புவைக் குத்தியது. அழிப்பது அவர் கடமை. இரண்டு வருஷமாகப் பாக்கி நிற்கிற கடமை. ஆனால் அழித்துவிட்டால் அந்தப் பெண் குறியைப் பார்த்து வந்தாள் என்பதற்குப் பூமியில் ஒரு அத்தாட்சி இருக்காது. ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கல்யாணம் நின்ற பெண், தனியாக மலைக்குப் போனாள் என்றால் எதற்குப் போயிருப்பாள் என்று. போலீஸ்காரரும் தகப்பனிடம், வீட்டில் கடிதம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார்.

அம்பு சொன்னார்: "வன அலுவலகத்துலேருந்து விசாரணைக்கு வருவாங்க. அவங்க கண்ணால பாக்கட்டும். அப்புறம் அழிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகாம நான் அங்க நின்னுக்கறேன்."

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. சங்கம் மூடிப்போனால் முப்பது வருஷப் பாதையெல்லாம் காடாகிவிடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். வெளியே வந்ததும் என் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தாளில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது மாமா, வேலையை ஏற்றுக்கொண்டவன் நானும்தான், என்னையும் உள்ளே இழுக்காதீர்கள் என்று கேட்டான். இழுக்கமாட்டேன் என்றார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டெப்போவுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் நின்றார். விடிவதற்கு முன் ஏறி, மலையிலிருந்து கடைசி ஆள் இறங்கிய பிறகு, பிரிவுக்குக் குறுக்கே கயிறும் கிளையும் கட்டிவிட்டுக் கடைசியாக இறங்கினார். திங்கட்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள், செவ்வாய்க்கிழமை நாலு பேர். ஒவ்வொருவரையும் புதுப் பாதையில் திருப்பி விட்டார். இங்கேதானே அந்தப் பெண் குதித்தாள் என்று ஒருத்தர் கேட்டாராம். "குதிக்கல. குறி தப்பா இருந்துச்சு" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

என் தங்கைக்குப் பெரிய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எழுபது டிகிரிச் சுடுநீரில் படுக்கைவிரிப்பு அலசுகிறவள், லேசில் அழமாட்டாள். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் ஒரே கேள்வி கேட்டாள். உங்களை ஜெயிலில் போட்டால் நான் என்ன செய்ய என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கேள்வி கேட்டதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் டிபன் டப்பாவைக் கட்டி வைத்துவிட்டு, "வழிய மறிச்சுட்டு நிக்கறவருக்குப் பசிக்காதுன்னு நெனச்சேன், இருந்தாலும் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை விசாரணை. வன அலுவலகத்து அதிகாரி, பல் டாக்டர், கயிறு பிடிக்க என் தம்பி, அப்புறம் எடைமேடைக்காரர். அவர் வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது, மலை ஏறிப் பழக்கமில்லாதவர், ஆபீசுக்குப் போகிற ஷூவோடு ஏறினார். பிரிவில் அம்பு காத்திருந்தார். அவர் அன்று முதல் ஆளாக வந்து கயிற்றை அவிழ்த்து நின்றவர், மேலேயே நின்றுவிட்டார். மூட்டமாக இருந்ததால் இருபதடி தள்ளி என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு குறி, மேல்முகத்தில், நான் போட்டது, அழித்ததாகக் கையெழுத்துப் போட்டதும் நான். எடைமேடைக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பில் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

முதல் பாறையில் மஞ்சள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்கு அம்பு கயிற்றை இழுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனார் என்று என் தம்பி பிற்பாடு சொன்னான்.

டாக்டர் அதிகாரியின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "பாவம். பொண்ணத் தூக்கிட்டு வந்ததுலேருந்து மனுஷன் ஒரு நிலையில இல்ல. தூக்கமும் இல்ல" என்றார்.

எடைமேடைக்காரர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குறி இல்லை என்றால் மகள் தானாக வந்த இடம் இது.

அம்பு பாறையின் மேல்முகத்தில் உள்ளங்கையை வைத்தார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு அதிகாரியை அழைத்து, முதலில் கீழ்முகத்தைக் காட்டினார். அது இரண்டு வருஷத்துக்கு முன் தேய்த்த இடம். மேலே பூசிய சாம்பல் நிறத்தின்மேல் பாசி ஏறி, பாறை தன் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. மறுபக்கம், மேல்முகத்தில், அதே அளவுக்கு ஒரு கை நீளம், மூன்று விரல் அகலம், பாறை வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் பாசி, நடுவில் மட்டும் பச்சைக் காயம் மாதிரி. கம்பி கீறிய கோடுகள் புதுசு. அந்தக் கோடுகளுக்குள் மஞ்சள் புள்ளி புள்ளியாக இருந்தது. அடியில் புல்லை விலக்கினார். மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தது. ஒரு மழைகூட அதன்மேல் விழவில்லை.

"இது நேத்து தேய்ச்சது சார். முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் மஞ்சள் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றார்.

ஏழு பாறைக்கும் கூட்டிப்போனார். ஏழிலும் அதே. அதிகாரி கைக்குட்டையில் தூளை எடுத்துக் கட்டிக்கொண்டார். யார் அழித்தது என்று கேட்டார். டாக்டர் தரையைப் பார்த்தார். என் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வலது கை முட்டியில் தோல் உரிந்து புதிதாகக் காய்ந்திருந்தது. அம்பு அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை என் தம்பியும் பார்த்தான்.

"யார் அழிச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க சார். அழிக்கவேண்டிய நேரத்துல அழிக்காம விட்டது நான். அத எழுதிக்கோங்க."

அப்போதுதான் எடைமேடைக்காரர் எழுந்து வந்தார்.

"அப்ப அவ வழியிலதான் வந்திருக்காளா?"

"வழியிலதான்யா வந்துச்சு. ஒவ்வொரு குறியா பாத்துப் பாத்து வந்திருக்கு. அது ஒரு அடிகூடத் தப்பா வைக்கல."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அம்பு இன்னொரு தடவை சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எடைமேடைக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவும் எடைச்சீட்டுப் புத்தகமும் எடுத்தார். தொழில் பழக்கம், அது இல்லாமல் அவர் வெளியே போவதில்லை போலிருக்கிறது. சீட்டின் பின்பக்கத்தைக் காட்டி, இப்போது சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வீட்டில் அவளுடைய அம்மா இருக்கிறாள், நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள், எழுத்தில் இருந்தால் நம்புவாள் என்றார். அம்பு பாறைமேல் வைத்து எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. எடைமேடைக்காரர் படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர் எதற்காக அதில் எதையும் சொல்லவேண்டும்?

விசாரணை முடிந்து, வழிக்குறி அழிக்கப்படாமல் விடப்பட்டதால் நேர்ந்த சாவு என்று எழுதினார்கள். குறியைத் தேய்த்தது அடையாளம் தெரியாத ஆள் என்று போட்டார்கள். ஊரில் அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சு நின்றது. அந்த வாய்களெல்லாம் அப்படியே திரும்பி என் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தன. அம்புவின்மேல் வழக்குப் போட்டு ஆறு மாதம் கொடுத்தார்கள், நாலில் விட்டார்கள். டெப்போ வேலை போனது. சங்கத்தின் பாதை வேலை அனுமதியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி கொடுத்தார்கள். பல் டாக்டர் செயலாளராகவே இருந்தார். வேலைத்தாளில் மட்டும் ஏறும் குறிக்கு ஒரு கையெழுத்து, இறங்கும் குறிக்கு ஒரு கையெழுத்து என்று இரண்டு கட்டம் போட்டார்கள். அம்புவின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த பிறகு வீடு வீடாகப் போய் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடித்துப் பிழைத்தார். மலைப் பக்கம் போகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்தது என்ன என்பதை என் தம்பி எனக்கு மட்டும் சொன்னான், அதுவும் ஏழெட்டு வருஷம் கழித்து. மேலே அம்பு காவல் நிற்கிறார் என்று தெரிந்து, அவன் கீழேயிருந்து, சரிந்த மண்ணில் தொற்றிக்கொண்டு ஏறியிருக்கிறான். ஏழாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே வந்திருக்கிறான். மூட்டம் அவனை மறைத்துக்கொண்டது. முதல் குறிக்கு வந்தபோது இருபதடியில் அம்பு யாரிடமோ பேசுவது கேட்டது. குதிக்கல, குறி தப்பா இருந்துச்சு என்று அவர் சொன்னதை அவன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டும் தேய்த்தான். காற்று இவன் பக்கம் அடித்ததால் சத்தம் அவருக்குப் போகவில்லை. டாக்டர் சொல்லிச் செய்தாயா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றான். மாமாவைக் காப்பாற்றத்தான் செய்தேன் அக்கா என்றான். அவன் அப்போது யாரைக் காப்பாற்றினான் என்று அவனுக்கே தெரியும்.

என் தங்கை வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே நாலு தெரு. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கை பிள்ளைகள் கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்வரை வந்து, என்னிடம் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். எல்லாரையும் சிரிக்கவைத்தவன் முகத்தில் சிரிப்பே செத்துப்போனது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் திறந்துவிட்ட அவனைப் பார்த்து இன்னும் பயந்தார்கள் என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள். அவளுக்கு எதுவும் தெரியாது, வேலைக்களைப்பு என்று நினைத்திருந்தாள்.

அம்புவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் சொன்ன சமயம் என் தம்பி என்னிடம் வந்தான். நான் போய் மாமாவிடம் சொல்லட்டுமா, ஏற்றுக்கொள்வாரா, கேட்டுச் சொல் அக்கா என்றான். போனேன். ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் சுற்றி வளைத்துத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. என்கிட்ட வந்து சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அவன் வரட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சொல்லணும்னா எடைமேடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுங்க. அந்தப் பாறையில உக்காந்து அவர் பட்டது அரைமணி நேரம். அது என்னால வந்தது இல்ல."

அப்படியே போய்ச் சொன்னேன். என் தம்பி கேட்டுக்கொண்டான். சரி என்றான். அவர் போனது அந்த மாதக் கடைசியில். அதற்குள் அவன் சாப்பிட வரவில்லை. கொண்டுபோகும்போது தோள் கொடுத்தான்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. எடைமேடைக்காரர் இன்னும் அதே ஊர் எல்லையில்தான் இருக்கிறார். மேடையைப் பெரியதாகக் கட்டி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், இவர் பின்பக்கத்து அறையில் மனைவியோடு இருக்கிறார். எண்பது ஆகப்போகிறது. காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்று சொல்கிறார்கள், மற்றபடி ஆள் திடமாகத்தான் இருக்கிறாராம். பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம். என் தம்பி இரண்டு தடவை அந்த ஸ்டாப்பில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறான்.